தேருக்குத் தேர்

மைசூர் அக்ரஹாரத்தில் எந்தத் தெருவில் பந்தல் போட்டாலும் ஸ்ரீகண்டனுக்குத் தெரிந்துவிடும். எங்கேயோ கம்பத்தில் லவுட்ஸ்பீக்கரைக் கட்டி, ஒருவன் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கரகரத்தால் போதும், தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்துவிடுவான். ராமநவமிப் பானகம், பிள்ளையார் சதுர்த்தி ஆர்க்கெஸ்ட்ரா, கர்நாடக ராஜ்யோத்சவக் கொடியேற்றம், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாணம், எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். போய் முதல் வரிசையில் நின்றுகொள்வான். முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்குவான். முப்பது வயதைத் தாண்டிய உடம்பு, உள்ளே நாலு வயதுப் பிள்ளை. அவனுக்கு வந்த பேச்சு அக்கா, பசி, வலி, பிறகு அந்த மைக் டெஸ்டிங். அவ்வளவுதான்.

அந்த அக்கா கனகலக்ஷ்மி. மைசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டர். அப்பா ரயில்வே வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மூத்தது பெண், அதற்குப் பிறகு வெகுகாலம் ஒன்றும் இல்லை என்று நஞ்சன்கூட்டுக்குப் போய் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு சாமி பெயரையே வைத்தார்கள். பிள்ளையின் குறை தெரிந்தபோது அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா கோயில்களைக் கூட்டிக்கொண்டாள். இருவரும் போன பிறகு வீட்டில் மிஞ்சியது அக்காவும் தம்பியும்.

கனகலக்ஷ்மியைப் பெண் பார்க்க வந்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். காபி குடித்துவிட்டு, "தம்பிய எங்கேயாவது ஆசிரமத்துல விடலாமே" என்று மெதுவாகக் கேட்டார்கள். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். நாற்பது வயதில் அந்தக் கேள்வியும் நின்றது. காலையில் அவனைக் குளிப்பாட்டி, சாப்பாடு போட்டு, வெளியே பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வேலைக்குப் போவாள். மாலையில் வந்து திறந்து, எங்கே விசேஷமோ அங்கே கூட்டிப்போவாள். தெரு உத்சவ கமிட்டியின் செக்ரெட்டரி கௌரிசங்கர், "உன் தம்பி இல்லாம நம்ம ஃபங்ஷன் களை கட்டாதும்மா" என்பார். அவர் சும்மா சொல்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் அதைக் கேட்க நன்றாக இருக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ரதசப்தமிக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாதர் தேர் பார்க்க அவனை பஸ்ஸில் அழைத்துப் போனாள். கமிட்டிக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவன் கையைத் தன் கையோடு பின்னிக்கொண்டுதான் நின்றாள். தேர் அசைந்ததும் பின்னாலிருந்து கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளியது. யாரோ ஒரு பெரிய உடம்பு இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. கை நழுவி அவளும் விழுந்தாள். அவள் எழுந்து பார்த்தபோது நாலா பக்கமும் தலைகள். அவன் தலை எது என்று தெரியவில்லை.

"கண்டா" என்று கூப்பிட்டாள். அத்தனை மேளத்துக்கும் கோவிந்தா சத்தத்துக்கும் நடுவில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அன்று அந்த வட்டாரத்தில் இருந்த லவுட்ஸ்பீக்கர்களில் பாதி அங்கேதான் இருந்திருக்கும். அவன் எந்தச் சத்தத்தின் பின்னால் போனான் என்று யார் சொல்ல முடியும்? பொழுது சாயும் மட்டும் கமிட்டிக்காரர்கள் கோயிலைச் சுற்றியும் படித்துறைகளிலும் தேடினார்கள். பஸ் நிறுத்தத்தில் கேட்டார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள்.

"டென்ஷன் பேடாம்மா, கவலப்படாதே, யாராவது கூட்டிட்டு வந்து விடுவாங்க" என்றார் கௌரிசங்கர். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு நடந்ததில் இரண்டு விஷயங்களை கனகலக்ஷ்மி வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்று, அவன் தொலைந்த வாரத்தில் ஒரு காலை. கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் வந்திருந்தது. இடையில் எழுந்து அவனைப் பார்க்காமல், கதவுச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்காமல் அவள் தூங்கியிருந்தாள். உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசு என்ன என்று புரிந்ததும் எழுந்துபோய் சமையலறைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

இன்னொன்று, ஆற்றில் கிடைத்த பிணம். கீழே ஒரு கிராமத்தில் மதகில் சிக்கியிருந்தது என்று போலீஸிலிருந்து ஆள் வந்தது. ஜீப்பில் உட்கார்ந்து போகும்போது அவள் தனக்குள் வேண்டிக்கொண்டது அது அவனாக இருக்கக் கூடாது என்று அல்ல. அவனாகவே இருந்து, எல்லாம் இன்றோடு முடிந்துவிட வேண்டும் என்றுதான். துணியை விலக்கினார்கள். வேறு யாரோ. மீசை வைத்த, வயதான யாரோ. "அல்ல" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

அன்றிலிருந்துதான் அவள் தேட ஆரம்பித்தாள் என்று சொல்ல வேண்டும். அதுவரை காத்திருந்தாள். அவன் உயிரோடு இருந்தால் மைக் இருக்கிற இடத்தில்தான் இருப்பான், அது அவளுக்கு நிச்சயம். டிரங்க் போர்டில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சுற்றுவட்டாரமெல்லாம் தோழிகள் உண்டு. முகம் தெரியாது, குரல் தெரியும். கொள்ளேகால், சாமராஜநகர், குண்டலுபேட்டை, ஹுணசூர் என்று லைன் கிடைத்த இடத்திலெல்லாம் கேட்டாள்: உங்கள் ஊரில் அடுத்து என்ன விசேஷம், என்றைக்குத் தேர், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, எந்தக் கட்சிக் கூட்டம். அவர்கள் சொன்னார்கள். லீவு போட்டுவிட்டுப் போனாள். சிவராத்திரிக்கு ஓர் ஊர், உகாதிக்கு ஓர் ஊர். லீவு தீர்ந்ததும் சம்பளம் இல்லாத லீவு. கிடாவெட்டும் ஊர்களுக்குப் போனாள், மாட்டுச் சந்தைக்குப் போனாள். இருபது வீடு மட்டும் இருந்த ஒரு கிராமத்தில் மாரம்மன் பண்டிகைக்கு அவள் போய் நின்றபோது, எந்த வீட்டுச் சொந்தம் என்று கேட்டு இலை போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். சொந்தம் இல்லை என்று சொல்லத் தெம்பில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

போன இடத்திலெல்லாம் முதலில் மைக்காரரிடம் போவாள். காணாமல் போனவரைப் பற்றி அறிவிக்க யாரும் மாட்டேன் என்றதில்லை. உயரம், நிறம், இடது புருவத்தில் தழும்பு, எல்லாம் கன்னடத்தில் சொல்லுவார்கள். கூட்டம் ஒரு நிமிஷம் அங்கும் இங்கும் பார்க்கும். பிறகு பாட்டு தொடரும். ஆனால் அவனுக்கு அந்தக் கன்னடம் ஒன்றும் புரியாதே என்பது அவளை அரித்தது. அவனுக்குப் புரிவது அவள் குரல், அதுவும் தமிழில்.

பங்குனியில் ஒரு பெரிய தேரில் அவள் மைக்காரரிடம், "நானே கூப்பிடறேன், கொஞ்சம் குடுங்க" என்று கேட்டாள்.

அவர் மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் அவள் பக்கம் குனிந்து, "அம்மா, தமிழ் பேட. ஜனம் ஹேகோ ஏனோ" என்றார். தமிழ் வேண்டாம், ஜனம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று பயம் அவருக்கு. காவேரித் தகராறில் பஸ் எரிந்து, கடைகளில் தமிழ் எழுத்தைத் தார் பூசி அழித்து இன்னும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அப்போதெல்லாம் அவளே தெருவில் தம்பியை வாயைப் பொத்தித்தான் கூட்டிப்போவாள்.

சரி என்று தலையாட்டி, கன்னடத்தில்தான் தொடங்கினாள். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள். எதிரே தலைகள், தலைகள். ஒன்றும் அசையவில்லை. திடீரென்று அவள் வாய் தானாக மாறிவிட்டது.

"கண்டா, அக்காடா. அக்கா வந்திருக்கேன்டா. மைக் கிட்ட வா. அடிக்க மாட்டேன்டா, வா."

ஸ்பீக்கர் அதை மைதானத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோனது. முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். தமிழ் என்று யாரும் அதட்டவில்லை. வளையல் கடைக்காரி ஒருத்தி எழுந்து வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் வரவில்லை.

வைகாசியில் குண்டலுபேட்டை எக்ஸ்சேஞ்சிலிருந்து நஞ்சம்மா கூப்பிட்டாள். இத்தனை மாதமும் குரலால் மட்டும் பழகிய தோழி. "அக்கா, சீக்கிரம் கிளம்பி வா," என்று கன்னடத்தில் மூச்சு வாங்கச் சொன்னாள். "இங்கே ஊர்ப் பண்டிகைப் பந்தலில் ஒருத்தன் ஸ்பீக்கர் பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பேச்சு வரவில்லை. வயசும் நீ சொன்ன மாதிரிதான். புருவத்தில் காயத்தழும்பு."

பஸ்ஸில் போகும்போது கனகலக்ஷ்மி மடியில் அவனுடைய சட்டை ஒன்றை வைத்திருந்தாள். நஞ்சன்கூடு தாண்டியபோது, இனி அவனை ஒரு நிமிஷம்கூடப் பூட்டுவதில்லை என்று அந்தச் சாமியிடம் சத்தியம் செய்தாள்.

பந்தலுக்குப் பின்னால் நஞ்சம்மா காட்டிய இடத்தில் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுக்கு வேட்டி, மொட்டையடித்து முளைத்த தலை. கிட்டப் போவதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காதுகள் வேறு. கழுத்து வேறு. அவன் நிமிர்ந்து சிரித்தான். பல்லும் வேறு.

"இல்லை," என்றாள் நஞ்சம்மாவிடம். "இவன் இல்லை." திரும்பி பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

அவன் எழுந்து பின்னாலேயே வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். தன்னைக் கூட்டிப்போகத்தான் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். அவளுக்கு வந்த ஆத்திரம் அவள் பிறந்ததிலிருந்து வந்ததில்லை. என் தம்பி இருக்க வேண்டிய இடத்தில் நீ ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்ற ஆத்திரம். முந்தானையை வெடுக்கென்று இழுத்து அவனை இரண்டு கையாலும் தள்ளினாள். அவன் கல்லில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான்.

"ஆத்தா," என்று அழுதான். "ஆத்தோவ், பழனாத்தா."

இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை என்று நஞ்சம்மா பின்னால் சொன்னாள். கனகலக்ஷ்மி நின்றுவிட்டாள். அவன் தமிழில் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். பிறகு தரையில் அவன் எதிரே உட்கார்ந்து, அந்தச் சட்டையாலேயே அவன் முழங்கை ரத்தத்தைத் துடைத்தாள்.

"உன் பேரு என்னப்பா?"

"ஜடையா."

"எந்த ஊரு?"

திருப்பித் திருப்பிக் கேட்டதில் "அனூரு, அனூரு" என்றான். ஹனூர். கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், தமிழ்க் குடியானவர்கள் நிறைய இருக்கும் ஊர்.

நஞ்சம்மாவோடு எக்ஸ்சேஞ்சுக்குப் போய் போர்டில் அவளே உட்கார்ந்தாள். கொள்ளேகாலைப் பிடித்து, அங்கிருந்து ஹனூர் போஸ்ட் ஆபீஸைப் பிடித்து, பழனாத்தாள் மகன் ஜடையன் என்று சொன்னாள். "எங்கே இருக்கிறான்? தீபாவளிக்குக் கரும்பு லாரியில் ஏறிப் போனவன்" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

மறுநாள் மத்தியானம் பழனாத்தாள் வந்தாள். வெயிலில் காய்ந்த, ஒடிசலான பெண்பிள்ளை. மகனைக் கண்டதும் கட்டிக்கொள்ளவில்லை. அவன் முகத்தை, கையை, காலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வந்து கனகலக்ஷ்மியின் காலில் விழுந்தாள்.

"எழுந்திரிங்க," என்றாள் கனகலக்ஷ்மி. குரல் கல் மாதிரி இருந்தது. "நான் உங்க பையனத் தேடி வரல. அவனப் புடிச்சுத் தள்ளிட்டேன். பாருங்க, முழங்கை."

"தெரியுமுங்க. எல்லாஞ் சொன்னாங்க," என்றாள் பழனாத்தாள், எழுந்திருக்காமலே. "என்ற பையனும் எத்தன பேருகிட்ட தள்ளு வாங்கியிருப்பானோ. பேர் கேட்டது நீங்க ஒருத்திதானுங்க."

அப்போதுதான் கனகலக்ஷ்மிக்கு அழுகை வந்தது. அவன் தொலைந்த அன்றும் வரவில்லை, பிணத்தைப் பார்த்த அன்றும் வரவில்லை. குண்டலுபேட்டை எக்ஸ்சேஞ்ச் வாசல்படியில் உட்கார்ந்து, காலையில் தூங்கி எழுந்ததையும் ஜீப்பில் வேண்டிக்கொண்டதையும் அந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லி அழுதாள். பழனாத்தாள் தேற்றவில்லை. "எனக்கும் அப்படித்தானுங்க தோணுச்சு," என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "உங்க தம்பி எப்பிடி இருப்பானுங்க, சொல்லுங்க. எனக்குப் படிப்பில்ல, மனசுல வெச்சுக்கறேன்," என்றாள்.

கனகலக்ஷ்மி சொன்னாள். நடக்கும்போது வலது தோள் சரியும், புளிப்பு தொட மாட்டான், நாய் என்றால் பயம். பழனாத்தாள் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

ஸ்ரீகண்டன் கிடைக்கவில்லை. அந்த வருஷமும் கிடைக்கவில்லை, அதற்கடுத்த வருஷங்களிலும் கிடைக்கவில்லை. தெருவில் எல்லோரும் மெல்ல மெல்ல அவனைப் பற்றி விசாரிப்பதை விட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் போர்டுகளை எடுத்துவிட்டு மெஷின் வைத்தார்கள், கனகலக்ஷ்மியை நம்பர் விசாரணைப் பிரிவில் போட்டார்கள். முட்டி வலி வந்து, எல்லாத் தேருக்கும் அவளால் போக முடியவில்லை. கிட்டத்தில் இருப்பதற்கு மட்டும் போனாள்.

ஹனூர்ப் பக்கத்து விசேஷங்களைப் பழனாத்தாள் பார்த்துக்கொண்டாள். மாதேஸ்வரன் மலை, ஊர் மாரியம்மன், சந்தை, எதுவானாலும் ஜடையனைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டம் கலையும் வரை நிற்பாள். பிறகு எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து, கடைக்காரரிடம் நம்பர் போடச் சொல்லி, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசுவாள்.

"நாந்தானுங்க. முழுக்கப் பாத்துட்டேன். இங்கில்லீங்க."

"சரிங்கம்மா. சாப்பிட்டீங்களா?" என்பாள் கனகலக்ஷ்மி.

"இனித்தானுங்க. ஜடையனுக்குப் பசிக்குதாம்."