இரண்டாம் மாதத்துப் பந்தி

நகரிக்குத் தெற்கே ஏரி மதகை ஒட்டின மிஷன் கோயிலில் வேதக்கதை சொல்லுகிறவள் கிருபாவதி. வீடு வீடாகப் போய்ச் சொல்லுவாள். எங்கே ஆரம்பித்தாலும் கதை எசேக்கியா ராஜாவிடம்தான் வந்து நிற்கும். தகப்பன் பூட்டிப்போட்ட ஆலயக் கதவைப் பட்டத்துக்கு வந்ததும் திறந்தவர். சனங்கள் தூபம் போட்டுக் கும்பிட்ட வெண்கலப் பாம்பை உடைத்தவர். பட்டணத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்தவர். இதெல்லாம் கிருபாவதிக்கு அத்தனை பெரிதில்லை. தேசம் இரண்டாய்ப் பிரிந்து கிடக்கையில், அந்தப் பக்கத்துச் சனங்களையும் பஸ்கா பண்டிகைக்குக் கூப்பிட்டாரே, அதுதான் பெரிது.

காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது. ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று எல்லைச் சண்டை நடந்த காலத்தில், விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஊர் ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்று சொன்னவர் அவள் புருஷன். அவள் கூடப்பிறந்த தம்பி சுந்தர்ராஜோ மெட்ராஸுக்காகப் பள்ளிப்பட்டுப் பக்கம் கொடி பிடித்து ஜெயிலுக்குப் போய் வந்தவன். "ஊர விட்டுக்குடுத்தவன் வீட்டுல கை நனைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். பிறகு எல்லையும் பிரித்தாயிற்று. அவன் ஊர் மெட்ராஸுக்குப் போயிற்று, இவள் ஊர் ஆந்திராவில் நின்றது. அந்த ஐப்பசியில் புருஷன் இறந்தபோது தம்பி வந்தான், ஒரு பிடி மண் போட்டான், சாப்பிடாமல் வண்டி ஏறிவிட்டான். கிருபாவதி அன்றைக்கு அழுததில் பாதி அதற்குத்தான்.

தையில் நடக்கவேண்டிய அறுப்பின் பண்டிகை, போதகருக்குக் காய்ச்சல் கண்டு மாசிக்குத் தள்ளிப்போயிற்று. கேட்டதும் கிருபாவதி சபை மூப்பர் அசரியாவிடம் போனாள். அவர் அவள் புருஷனுக்கு அண்ணன் முறை.

"மாமா, எசேக்கியா ராஜாவும் மொத மாசத்துப் பஸ்காவ தள்ளி ரெண்டாம் மாசத்துலதான் வெச்சாரு. நாமளும் அந்தாண்ட சபைய கூப்புடலாமா?"

"ராஜா ஊரூரா ஆள அனுப்புனாரு. நம்மகிட்ட ஆரு கீறாங்க?"

"ஏன், நான் இல்ல?"

"போய்ட்டு வா. சிரிப்பானுங்க."

சிரிக்கத்தான் செய்தார்கள். சுந்தர்ராஜ் தன் கொல்லையில் ஆட்களோடு வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னாக்கா, ஆந்திரா கவர்மெண்ட்டு அனுப்பிச்சா?"

"எசேக்கியா ராஜா அனுப்பிச்சாரு."

"அவரு எந்தக் கட்சி?"

கொல்லையே சிரித்தது. கிருபாவதியும் சிரித்துவிட்டு, "வந்து துன்னுட்டுப் போறவங்க கட்சிடா" என்று சொல்லித் திரும்பி நடந்தாள்.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. அதில் உட்கார்ந்து மனசைச் சரிபண்ணிக்கொண்டவர்களுக்குத்தான் மறுநாள் இராப்போஜனப் பந்தியில் அப்பமும் திராட்சரசமும். சபையின் பழைய சட்டம் அது. அசரியா அதில் மயிரிழை விடமாட்டார். அன்று சாயங்காலம் முழுக்கக் கிருபாவதி வாசலையே பார்த்தாள். ஒருவரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடியும் நேரத்துக்கு மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. சுந்தர்ராஜும் அவன் பக்கத்துச் சனமும் இறங்கினார்கள். காணிக்கைக்கு ஒரு மூட்டை அரிசி ஏற்றி வந்திருந்தார்கள். அரிசி எல்லை தாண்டக்கூடாது என்று சனிக்கிழமையே செக்போஸ்ட்டில் மறித்துவிட்டார்கள். மூட்டையை விட்டு வர மனசில்லாமல், ராத்திரி வழியிலேயே படுத்துக் கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி, குளிக்காத உடம்பும் புழுதிக் காலுமாக வந்து நின்றார்கள்.

அசரியா வாசலை மறித்தார். "நேத்து ஆயத்தத்துக்கு வரலியே. பந்தியில சேர முடியாது. பின்னால குந்துங்க."

சுந்தர்ராஜ் வண்டிப் பக்கம் திரும்பினான். "பாத்தியாக்கா? கூப்புட்டு வாசப்படியில நிக்க வெக்கிறாங்க."

இப்போது ஏறினால் இனி வரமாட்டான். கிருபாவதிக்கு அது தெரியும்.

"மாமா," என்றாள் மெதுவாக. "அன்னிக்கு பஸ்காவுக்கு வந்தவங்களும் சுத்தம் பண்ணிக்காமத்தான் துன்னாங்க. ராஜா இன்னா பண்ணாரு?"

ராஜா அவர்களுக்காக ஜெபம் பண்ணின அந்தக் கதையை அசரியா அவள் வாயால் எத்தனையோ தரம் கேட்டவர். உள்ளே திரும்பிப் போதகரைப் பார்த்தார். போதகர் அப்பத்தட்டைப் பிடித்தபடி காத்திருந்தார். மூப்பர் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். படியிலேயே கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, மனசு வெச்சி இவ்ளோ தூரம் வந்துக்கீறாங்க. கொறைய நீங்க மன்னிச்சிடுங்க. ஆமென்."

பிறகு சுந்தர்ராஜின் கையைப் பிடித்தார். "வா நைனா. வந்து முட்டி போடு."

மத்தியானம் கோயில் விருந்துக்கு அந்த மூட்டை அரிசிதான் உலையில் வெந்தது. சுந்தர்ராஜ் இலைமுன் உட்கார்ந்தான். கிருபாவதி குழம்பு ஊற்றினாள். அவன் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"சோறு எங்க ஊருது, வாசனையா கீது. கொழம்பு உங்க ஊருது, உப்பே இல்ல."

கிருபாவதி உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து இலையோரம் வைத்தாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை வேறு இலைப் பக்கம் போகவில்லை.