சடையன் தூக்கிவந்த ரேடியோப் பெட்டிகள்

தப்பே செய்யாத ஒருவரின் பிழைப்பை நான் கெடுத்தேன். கணக்குப் போட்டு, சரிபார்த்து, முழு மனநிறைவோடு கெடுத்தேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம். கொல்லிமலை ஊர்களுக்குச் சர்க்கார் கொடுத்த பொது ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் பட்டறை அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில் இருந்தது. புள்ளியியல் படித்துவிட்டு வந்த நான் அங்கே மெக்கானிக். பெட்டி கெட்டால் யாராவது தலையில் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டும். பெரும்பாலும் ஒயர் தளர்ந்திருக்கும், அல்லது பல்பு போலிருக்கும் வால்வு போயிருக்கும். வால்வின் கண்ணாடிக்குள் இருக்கும் இழை குலுக்கல் தாங்காது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ‘நாடு’ என்பார்கள். குண்டனி நாட்டுச் சடையன் கூலிக்குச் சுமப்பவர். அவர் கொண்டுவரும் பெட்டிகளில்தான் அடிக்கடி வால்வு போயிருந்தது. கை-ஸ்கொயர் டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். ஒன்று தற்செயலாக நேரக்கூடியதா என்று சொல்லும் கணக்கு அது. தற்செயல் இல்லை என்று வந்தது. ‘சடையன் சுமந்தால் வால்வு போகும்’ என்று விதி எழுதினேன். எந்தப் பெட்டிகளிலிருந்து விதியை எடுத்தேனோ, அதே பெட்டிகளில் அதைச் சோதித்தேன். பிரமாதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்?

"கணக்கே சொல்லிருச்சில்ல, ஆள மாத்துப்பா" என்றார் சூப்பர்வைசர்.

சடையன் சண்டைக்கு வரவில்லை. "நான் வெரசா நடக்கறவனுங்க சாமி. குலுக்கறவன் இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு மலையில் கல்யாண வீட்டுப் பானை தூக்கக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லையாம்.

அடுத்து வந்த மழைக்காலம் முழுக்க வேறு ஆட்கள் சுமந்தார்கள். வால்வு போன பெட்டிகள் முன்போலவே வந்துகொண்டிருந்தன. புதிதாகப் பழுதுக்கு வந்த பெட்டிகளில் என் விதி பலிக்கவில்லை. பைல் நாட்டிலிருந்து பெட்டியோடு வந்த விவசாயி ஒருவரிடம், எந்தப் பெட்டியை யார் தூக்குவது என்று முன்பெல்லாம் எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கரகரன்னு கேட்டா சந்தைக்குப் போறவங்க ஆராச்சும் எடுத்துட்டு வாரதுங்க. அடியோட ஊமையாயிட்டா ஊரே தவிச்சுப் போயிருமுங்களே. அப்ப வெரசாப் போய்ட்டு வரச் சடையனத்தான் கூப்புடுவோம்."

ஒயர் தளர்ந்தால் கரகரக்கும். வால்வு போனால் ஊமையாகிவிடும். ஆக, வால்வு போன பிறகுதான் பெட்டி சடையன் தலைக்கே ஏறியிருக்கிறது. தற்செயல் இல்லை என்பதோடு கணக்கு நிறுத்திக்கொண்டது. காரணத்தைச் சேர்த்தவன் நான்.

மலையேறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். வேலையைத் திரும்ப வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

"வேல கெடக்கட்டுமுங்க. சனத்துக்கு முன்னால எம்பேரச் சரி பண்ணுங்க."

நல்ல பெட்டிகளாகப் பார்த்து, யார் எதைச் சுமப்பது என்று சீட்டுக் குலுக்கி, மேலே போனதும் எல்லார் முன்னாலும் பாடவைத்துப் பார்ப்போம் என்றேன். "சரிங்க. ஆனா சீட்டுல உங்க பேரும் இருக்கணுமுங்க" என்றார்.

அடிவாரத்துச் சந்தை நாளில், மலைச் சனங்கள் கூடிய கூட்டத்தின் நடுவே என் தவற்றை உரக்கச் சொன்னேன். பிறகு சீட்டு எடுத்து மலையேறினோம். சடையனின் பெட்டி கணீரென்று பாடியது. மற்றவர்களுடையதும் பாடின. ஊமையாக நின்றது ஒன்றே ஒன்று, நான் சுமந்தது. சிரித்துச் சிரித்துச் சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சடையன் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். "ஒத்தப் பொட்டிய வெச்சு ஆரையும் தப்புச் சொல்லக்கூடாதுங்க. இன்னும் பத்துப் பொட்டி தூக்குங்க சாமி, அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்."

அந்த மழைக்காலத்தில் அவர் வீடு பட்ட பாட்டை என்னால் மாற்ற முடியவில்லை. மறுவாரம் அவர் மறுபடி சுமக்க வந்தார். அவருக்குப் பின்னால், மூச்சு வாங்க, நானும் ஒரு பெட்டியோடு நடந்தேன்.