ஷாஜாதி துடைத்த தலை

தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பாள் ஷாஜாதி. சூடு கூடுதலாக இருந்தால் பச்சைத் தண்ணீர் கலப்பாள். "சுடுதுன்னு அவுங்களால சொல்ல முடியுமா? நாமதான் பாத்து ஊத்தணும்" என்பாள். 'அவுங்க' என்பது பலகையில் கிடத்தியிருக்கும் மய்யித்து. கோவளத்தில் முஸ்லிம் வீட்டுப் பெண் யார் இறந்தாலும் குளிப்பாட்ட ஷாஜாதிக்குத்தான் ஆள் வரும். தொடுவதற்கு முன் இறந்தவளின் பெயரைச் சொல்லி, "கைய வெக்கிறேம்மா" என்று கேட்டுக்கொள்வாள். ஒரு போர்வையை மேலே போட்டு, அதற்குள் கைவிட்டே கழுவுவாள்.

உயிரோடிருப்பவர்களைப் பற்றித் தெரு முழுக்க வம்பு பேசுகிறவள்தான். ஆனால் குளிப்பாட்டிய உடம்பில் கண்டதை யார் கேட்டாலும் மூச்சு விடமாட்டாள். வேலை முடிந்து கை கழுவிவிட்டு வந்தால் நன்றாகச் சாப்பிடுவாள். பயமாக இல்லையா என்று கேட்டால், "உசுரோட கீறவங்களப் பாத்தாதான் பயம்" என்று சிரிப்பாள்.

காலை வேளைகளில் முட்டுக்காட்டில் ஓவியர் விஷாகாவின் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறாள். இரண்டு வாரமாக அங்கே விஷாகா பார்த்து வரைவதற்கென்று ஒரு மேசை. கருஞ்சிவப்பு வெல்வெட் துணியின் மேல் அணைந்த மெழுகுவத்தி, நின்றுபோன கடிகாரம், பாதி உரித்த எலுமிச்சை, வாடும் ரோஜா, நடுவில் ஒரு மண்டையோடு. ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸில் அடையாளம் போட்டு, தூசி தட்டினால் அதே இடத்தில் வைக்கவேண்டும் என்று விஷாகா சொல்லியிருந்தாள். ஈ.சி.ஆர். ரோட்டில் சினிமா ஷூட்டிங்குக்கா பஞ்சம், மண்டையோடு அங்கே வைக்கிற பொம்மையாக இருக்கும் என்று ஷாஜாதி நினைத்துக்கொண்டாள். ஜன்னல் கம்பி துடைத்த துணியாலேயே அதையும் துடைத்தாள். ஒருநாள் தரையில் விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னாடா, பல்ல இளிக்கிற?" என்று கிண்டலும் செய்தாள்.

போன புதன்கிழமை துடைக்கும்போது ஒரு கடைவாய்ப் பல் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. வேரோடு இருந்தது. அதன் குழியில் ஈயம்போல ஏதோ அடைத்திருந்தது. பொம்மைக்கு எந்த டாக்டர் பல் அடைப்பார்? மண்டையோட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, பல்லோடு விஷாகா பக்கம் திரும்பினாள்.

"மேடம், இது நெஜமா?"

"ஆமாக்கா, ஒரிஜினல். டாக்டர் ஃப்ரெண்ட் ஒருத்தர் படிக்கும்போது வாங்கினது." விஷாகா தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "படத்தைப் பார்த்தா எல்லாருக்கும் சாவு ஞாபகம் வரணும். அதுக்குத்தான் இதெல்லாம்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியலையே."

"பேரு?"

விஷாகா திரும்பிப் பார்த்தாள்.

பெண்ணைப் பெண்தான் குளிப்பாட்டவேண்டும், ஆணை ஆண். அந்நிய ஆணின் மய்யித்தை ஷாஜாதி தொட்டதே கிடையாது. ஆணோ பெண்ணோ, இந்தத் தலையை இரண்டு வாரமாக ஒரு வார்த்தை கேட்காமல் புரட்டியிருக்கிறாள். போதாததற்கு 'டா' போட்டுக் கேலி வேறு. இத்தனை வருஷம் எந்த மய்யித்துக்கும் செய்யாததை இதற்குச் செய்துவிட்டோமே.

"இத மண்ணுல வெக்கணும் மேடம்."

"அடுத்த மாசம் எக்ஸிபிஷன்க்கா. படம் பாதிலதான் இருக்கு. முடியட்டும், பார்க்கலாம். இப்ப எடுத்த இடத்துல வச்சிடுங்க, ஒரு இன்ச் மாறினாலும் எல்லாம் போச்சு."

"அதுவரிக்கும் இப்டி அம்மணமா கெடக்கணுமா?"

"அக்கா, ப்ளீஸ். எனக்கு வேலை இருக்கு. உங்களுக்கு இங்க வேலை வேணுமா, வேணாமா?"

ஷாஜாதி மேசையண்டை போனாள். வெல்வெட் துணியின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கடிகாரம் தரையில் விழுந்து கண்ணாடி தெறித்தது. எலுமிச்சை உருண்டு எங்கேயோ போயிற்று. விஷாகா அலறியது அவள் காதில் ஏறவில்லை. ஆணாக இருந்துவிட்டால் வெறுங்கை படக்கூடாதென்று துணியின் ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஜன்னல் திட்டில் இருந்த தலையோடு பல்லைச் சேர்த்து வைத்து, மிச்சத் துணியால் முகத்தை மூடினாள்.