இட்லித் தட்டில் பதினாறு டேப்பெட்

இஞ்சின் ரிப்பேர் தொழிலில் அடுத்தவர் காரைத் தொடும்வரை எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். சொந்தக் காரின் பானெட்டைத் திறக்கும் அன்றுதான் குட்டு வெளிப்படும். ஓடாத வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, மனைவி முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்வந்த அனுபவம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எண்பதுகளின் நடுவில் நான் நியூ ஜெர்சியில் ஒரு இஞ்சின் ஷாப்பில் வேலை பார்த்தேன். கோயம்புத்தூரில் டிப்ளமோ முடித்து பம்ப் செட்டும் லாரியும் பார்த்துக்கொண்டிருந்த என்னை, அண்ணன் கிரீன் கார்டு ஸ்பான்சர் பண்ணி அழைத்துக்கொண்டார். அங்கிருந்த தமிழர்கள் எல்லோரும் கழுத்தில் பேட்ஜ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நான் நகக்கண்ணில் கிரீஸோடு திரும்பி வந்தேன். முதலாளி விட்டோ, இத்தாலியக் குடும்பத்து ஆள். எங்களிடம் வருவதெல்லாம் மஸில் கார்கள். அறுபதுகளின் கடைசியில் செய்தவை. கதவு இரண்டு, சிலிண்டர் எட்டு, பெட்ரோல் எவ்வளவு ஊற்றினாலும் போதாது. வேகமாகப் போவதைத் தவிர அவற்றுக்கு வேறு எதுவும் தெரியாது.

முன்னால் வந்த வண்டி

என்னிடம் ஒரு சின்ன ஜப்பான் கார் இருந்தது. சாவியைத் திருப்பினால் கிளம்பும், பிரேக்கை மிதித்தால் நிற்கும். என் மனைவி கோமதி அதில்தான் பழகி லைசென்ஸ் வாங்கினாள். அதை ஒரு சனிக்கிழமை விற்றுவிட்டு, கரும்பச்சை நிறத்தில் ஒரு மஸில் கார் வாங்கினேன். விற்றவர் ஒரு ஃபயர்மேன். "நிறுத்தினப்போ நல்லாத்தான் ஓடிட்டிருந்தது" என்றார். இந்த வாக்கியத்தை ஷாப்பில் வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டு, சொன்னவர் போனபிறகு சிரித்தவன் நான். அன்றைக்கு மட்டும் நம்பினேன். நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே சனிக்கிழமை தபாலில் கோமதிக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. பார்சிப்பனியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி, கம்ப்யூட்டர் பிரிவு. எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தவள் அவள். இரண்டு வருஷமாகச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அப்ளிகேஷன் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும். என் ஷாப்புக்கு பஸ் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து பார்சிப்பனி ஆபீஸுக்குக் கிடையாது. "சொந்தமாக கார் இருக்கிறதா?" என்று இண்டர்வியூவில் கேட்டதற்கு, இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். டோ டிரக் என் புதுக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றபோது, கையில் கடிதத்தோடு வெளியே வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. இரண்டு வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "முன்னாடி நிக்கிற வண்டி நல்லா இருக்குங்க. அதையே வாங்கியிருக்கலாம்."

டாக்டர் சோதித்துப் பார்த்தார்

அவள் வேலையில் சேரும் திங்கட்கிழமைக்குள் ஓட வைத்துத் தருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு மறுநாளே இஞ்சினைப் பிரித்தேன். ஆனால் பகலில் ஷாப்பில் மற்றவர்கள் காரைத்தானே பார்க்க வேண்டும்? அவர்களில் ஒருவர் டாக்டர் சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர், இருதய நிபுணர். ஐம்பது வயதில் ஆசைப்பட்டு ஒரு சிவப்பு மஸில் கார் வாங்கியிருந்தார். இந்த இஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு உண்டு. வால்வுகளைத் திறந்து மூடுவது அதன் வேலை. டாக்டர் ஆசைப்பட்டபடியே ரேஸ் கேம் போட்டுக் கொடுத்தோம். அது போட்ட வண்டி ஓடும்போது புலி. நிற்கும்போது குளிர் ஜுரம் வந்த மாதிரி குலுங்கும். அதுதான் அதன் லட்சணம்.

டாக்டர் மூன்று முறை திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று முறையும் நான் பானெட்டைத் திறந்து, பார்ப்பதுபோல் பார்த்து, மூடினேன். நாலாவது முறை அவரே ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு இஞ்சின்மேல் குனிந்து ஐந்து நிமிஷம் கேட்டார். "சார், இது இப்படித்தான் இருக்கும். இது நல்ல இஞ்சினுக்கு அடையாளம்" என்றேன். காதிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஒரு மனுசருக்கு இப்பிடித் துடிச்சா நாங்கள் படுக்க வச்சிடுவம். நீர் இதை நல்ல குணம் எண்டு சொல்லுறீர்."

ரசத்தில் மிதந்தது

அமெரிக்காவில் தமிழர் வீட்டு டிஷ்வாஷர் எதற்குப் பயன்படும் என்று உங்களுக்குத் தெரியும். கையால் தேய்த்துக் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்க. எங்கள் வாடகை வீட்டிலும் அப்படித்தான். அந்த மெஷினை கோமதி ஒரு தடவைகூட ஓட விட்டதில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று, அவள் கடைக்குப் போன சமயம் பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறிய வால்வுகளையும் அவற்றை அழுத்தும் ராக்கர்களையும் உள்ளே அடுக்கி ஓட விட்டேன். பளபளவென்று வந்தன. பாத்திரங்களை இருந்த இடத்தில் இருந்தபடியே திருப்பி அடுக்கினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது அவள் ரசத்தைக் கரண்டியால் கிளறி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அதன்மேல் வானவில் மாதிரி ஒரு படலம். நான் குனிந்து அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோபமே இல்லாமல், கணக்கு சரியாக வராத டீச்சர் மாதிரி கேட்டாள்: "நான் இன்னும் நெய்யே விடலியே, அப்ப இது யாரு விட்டது?"

பதினாறு

எட்டு சிலிண்டர் இஞ்சினில் டேப்பெட் பதினாறு. கட்டை விரல் நீளத்தில் உருளையான இரும்புத் துண்டுகள்; கேம் ஷாஃப்டின் மேடுகளில் உட்கார்ந்து ஏறி இறங்கும். பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் வருஷக்கணக்காக ஒவ்வொன்றும் தன் மேட்டோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். கழற்றினால் எது எங்கே இருந்ததோ அங்கேயேதான் போட வேண்டும். மாறிப்போனால் கேம் போச்சு. அதனால் அமெரிக்க மெக்கானிக்குகள் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு நம்பர் எழுதி வைப்பார்கள். எனக்கு ஏன் அட்டைப் பெட்டி? சமையலறையில் நாலு அடுக்கு இட்லித் தட்டு இருந்தது. அடுக்குக்கு நாலு குழி, மொத்தம் பதினாறு. யாரோ எனக்காகவே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. முதல் தட்டு முன்பக்கம், கடைசித் தட்டு பின்பக்கம் என்று வரிசையாக வைத்து, ஸ்டாண்டைப் பத்திரமாக கராஜ் அலமாரியில் ஏற்றினேன். கோமதியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள்.

அவள் வேலையில் சேரப் பத்து நாள்கூட இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஒரு கேஸ்கெட்டுக்காக வெளியே போய்விட்டுத் திரும்பினேன். வாசலில் அந்தச் சிவப்புக் கார் நின்றது. உள்ளே டாக்டர் சிவபாதம், அவர் மனைவி, இரண்டு பெண்கள். கோமதிக்கு வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் ஆவி பறக்க இட்லி. சின்னப் பெண் ஒரு இட்லியை முகர்ந்து பார்த்து, "டாடி, இட் ஸ்மெல்ஸ் லைக் யுவர் கார்" என்றது. எனக்குக் கையிலிருந்த கேஸ்கெட் நழுவியது. சமையலறைக்கு ஓடினேன். சிங்க்கில், காய் கழுவும் வடிதட்டில், சோப்புப் போட்டுத் தேய்த்த டேப்பெட்டுகள் ஒரே குவியலாகக் கிடந்தன. பின்னாலேயே வந்த கோமதி, நான் எதற்கு அப்படி நிற்கிறேன் என்று தானாகவே புரிந்துகொண்டு ஆறுதல் சொன்னாள்: "பதினாறும் இருக்குங்க. எண்ணித்தான் போட்டேன், ஒண்ணுகூடக் குறையல."

விட்டோவின் அலமாரி

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. கேட்காமல் எடுத்தவன் நான், அவள் எடுத்தது அவளுடைய இட்லித் தட்டை. அன்றிரவுதான் அவளிடம் விஷயத்தை விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப திங்கட்கிழமை?" என்றாள். எழுந்து கராஜுக்குப் போனேன். இரண்டு வருஷம் ஒருத்தி காத்திருந்ததை ஒரு கார் மோகத்தில் கெடுத்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கே என்மேல் அசிங்கமாக இருந்தது.

புது கேம் ஷாஃப்டும் புது டேப்பெட் செட்டும் வேண்டும். ஆர்டர் செய்தால் மூன்று வாரம். விட்டோ ஷாப் அலமாரியைக் குடைந்து, யாரோ ஒரு கஸ்டமர் வாங்கி வைத்துவிட்டு வராமலே போன ஒரு செட்டை எடுத்தார். என் இஞ்சினுக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் அது ரேஸ் கேம். டாக்டர் காரில் போட்டதைவிட ஒரு படி முரடு. "என் மனைவி ஆபீஸுக்குப் போக வேண்டிய கார், விட்டோ" என்றேன். அவர் பெட்டியின்மேல் இருந்த தூசியை ஊதிவிட்டு என் கையில் வைத்தார்: "ரொம்ப நல்லதாப் போச்சு. லேட்டாப் போனேன்னு அவங்களை யாரும் ஒரு நாளும் திட்ட மாட்டாங்க."

இருபது நிமிஷம்

புது கேம் போட்ட இஞ்சினுக்கு ஒரு விதி உண்டு. முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்து, விடாமல் இருபது நிமிஷம் ஓடவிட வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் போச்சு, மெதுவாக்கினாலும் போச்சு. சனிக்கிழமை மதியம் ஆரம்பித்தேன். நான் இஞ்சின் பக்கம், கோமதி டிரைவர் சீட்டில், கண் கடிகாரத்தில். ஒரே உறுமல். பக்கத்து வீட்டு மிஸஸ் நோவாக் ஜன்னலைச் சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. எட்டாவது நிமிஷம் போலீஸ் கார் வந்து நின்றது.

நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார் போலீஸ்காரர். நான் கும்பிட்டேன். அமெரிக்காவில் போலீஸைக் கும்பிடக்கூடாது என்று தெரியும். கை தானாகவே போய்விட்டது. "பன்னிரண்டு நிமிஷம்! என் மனைவி திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்!" என்று கத்தினேன். அவர் சீட்டில் விறைத்து உட்கார்ந்திருந்த கோமதியைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கராஜ் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். பன்னிரண்டு நிமிஷமும் நின்றார். நான் ஆஃப் பண்ணப் போனபோது தடுத்து, இவ்வளவுதான் சொன்னார்: "சட்டப்படி வந்த வேலை முடிஞ்சுது. இப்ப எனக்காக ஒரே ஒரு தடவை ஃபுல்லா மிதிக்கச் சொல்லுங்க."

எலுமிச்சம்பழம்

திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். அது இந்தியா டயமா நியூ ஜெர்சி டயமா என்று எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்குள் ஒரு முடிவு வரவில்லை. கோமதி உள்ளூர் டயம் கட்சி. எட்டரைக்கு ஆபீஸ் என்றாலும் ஏழு மணிக்கே தயாராகிவிட்டாள். முதல் நாள் ரிவர்ஸில் கிளம்பக் கூடாது என்பதால் காரை முந்தின நாளே தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தேன். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, சூடத் தட்டோடு காருக்குப் பின்னால் நின்றேன். ஊரில் நசுங்கத்தான் பழம் வைப்போம். ஊர் வண்டிகளுக்கு இத்தனை குதிரை சக்தி இல்லை என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

ஜப்பான் காரை மிதிப்பது போலவே மிதித்தாள். பின் சக்கரம் ஒன்று நின்ற இடத்தில் சுற்றியது. அடியில் இருந்த எலுமிச்சம்பழம் பீரங்கிக் குண்டு மாதிரி புறப்பட்டு என் முழங்காலில் பட்டது. நான் தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். கார் தெருவில் ஏறி மறைந்தது. ஐந்து வாரக் கூத்தையும் வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மிஸஸ் நோவாக், பழத்தை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்: "குறி தப்பல. அடிக்க வேண்டிய ஆளைத்தான் அடிச்சிருக்கு."

பார்க்கிங் லாட்

அன்று ஷாப்பில் நான் ஒரு போல்ட்கூட உருப்படியாக முடுக்கவில்லை. சுவர் போன் அடிக்கும்போதெல்லாம் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினேன். வழியில் நின்றிருக்குமோ? சிக்னலில் குலுங்கி அணைந்திருக்குமோ? முதல் நாளே நடந்து போய் நின்றிருப்பாளோ? சாயந்திரம் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தெரு தள்ளியே அந்தக் குலுங்கல் சத்தம் கேட்டது. அப்போது வந்த நிம்மதியை என்னால் சொல்ல முடியாது. கண் கலங்கிவிட்டது.

நடந்ததைச் சொன்னாள். ராகு காலத்துக்குத் தப்பி ஓடியதில் முக்கால் மணி முன்னாலேயே ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட்டாள். கதவு திறக்கவில்லை. இஞ்சினை ஆஃப் பண்ணினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்று பயந்து, பார்க்கிங் லாட்டில் ஓடவிட்டபடியே உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து காரைச் சுற்றி நிற்க, கடைசியில் இண்டர்வியூ செய்த மேனேஜரே வந்து பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னாராம். கோமதி கேஸ்கெட்டிலிருந்து கேம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த இட்லிக்குப் பிறகு தினமும் ராத்திரி என் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அல்லவா. "யாரு செஞ்ச இஞ்சின்னு கேட்டாங்க" என்றாள். நான் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன சொன்னே?" என்றேன். சாவியைத் தன் ஹேண்ட்பேகில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணினதுன்னு சொன்னேன். இட்லித் தட்டு என்னோடதுதானே."

ஓடுகிற காரை விற்று, ஓடாத காரை வாங்கி, அதை ஓடவும் வைத்து, அதற்குப் பிறகு நாலு வருஷம் நான் பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.