மடலின் அடியில் அப்பா

மின்னஞ்சல் மடல் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் சத்தம் கேட்கும் ஓர் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து, காப்புறுதி விற்பவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் மடல் செய்து கொடுக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். முக்கியமானதை மேலே வையுங்கள். ஒரு மடலுக்கு ஒரு விஷயம் போதும். படிப்பவர் ரயிலில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவருக்குப் பொறுமை கிடையாது.

அந்தப் பாட்டு எடுபடாத ஒரே இடம் அப்பாவின் சங்கம். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களுக்கென்று கிள்ளானில் நடக்கும் சின்னச் சங்கம். தேர்தல் சண்டையில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழு கலைந்துபோனதால், மாதாமாதம் ஒரு மடல் செய்து தரும்படி அப்பா என்னை மாட்டிவிட்டார். தலைவர் படம் மேலே, துணைத் தலைவர் படம் அதற்குக் கீழே, அப்புறம் பிறந்தநாள், கல்யாண வாழ்த்துகள். கூட்டம் எங்கே, எப்போது என்பது அதற்கெல்லாம் கீழே. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகள் செயலாளரிடம் இருந்தன, அனுப்புவதும் அவர்தான். "தலைவர் படம் போன மாசத்தவிட சின்னதா இருக்கேம்மா" என்று போன் செய்வார். என் பக்கத்தில் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

போன வருடம் ஒரு காலை, பசியாற உட்கார்ந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் கையிலிருந்த கைப்பேசியும் விழுந்து நொறுங்கியது. ரயில்வே குடியிருப்பை இடித்தபோது அம்பாங், செமினி என்று சிதறிப்போன நண்பர்களின் எண்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. தகனத்துக்கு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். நல்லவர்கள்தான், ஆனால் அப்பாவை மின்தூக்கியில் பார்த்துச் சிரித்ததோடு சரி.

பதினாறாம் நாள் காரியத்துக்காவது அவருடைய நண்பர்கள் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். என்னைத் தவிர வேறு யாராவது அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசிக் கேட்கவேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த மாத மடலின் தலையிலேயே அப்பா இறந்த செய்தியையும் காரியத்துக்கான அழைப்பையும் வைத்தேன். செயலாளர் பதறிப்போனார். அந்த மாதம்தான் தலைவருக்கு அரசின் டத்தோ பட்டம் கிடைத்திருந்தது, மடல் முழுக்க அவருக்கு வாழ்த்து.

"வாழ்த்துக்கு மேல சாவுச் செய்தி போடக்கூடாதும்மா. நல்லாருக்காது லா. எப்பவும் போல கடைசில போடு, எல்லாரும் பார்ப்பாங்க."

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கடைசியில், பெரிய எழுத்தில் வைத்து, சோதித்துப் பார்த்து அவருக்கு அனுப்பினேன்.

காரியம் கிள்ளானில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. கூட்டம் வரும் என்று நிறையச் சமைக்கச் சொல்லியிருந்தேன். செயலாளரும் அவர் மனைவியும் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி வந்தார். வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். எல்லாம் எதிரே இருந்த கடைக்கு வந்த கார்கள். அழுகையைவிட ஆத்திரம்தான் எனக்கு முதலில் வந்தது. வெயிலிலும் மழையிலும் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், ஒருவருக்குக் கூடவா நேரமில்லை?

செயலாளருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. "என்னம்மா இது, மடல் எல்லாருக்கும் போச்சே" என்று தன் கைப்பேசியில் அதைத் திறந்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனார். டத்தோ, வாழ்த்து, மறுபடியும் டத்தோ. அதோடு மடல் முடிந்துவிட்டது.

"அப்பா செய்தி எங்கம்மா?"

வாங்கிப் பார்த்தேன். நான் முடித்துக் கொடுத்த பிறகும் உறுப்பினர்களின் வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஒருவரை விட்டாலும் மனத்தாங்கல் வரும் என்று, எல்லாவற்றையும் வேர்ட் கோப்பிலிருந்து அப்படியே எடுத்து இவர் ஒட்டியிருக்கிறார். அப்படி ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குப்பையும் கூடவே வந்து மடல் ஊதிப்போகும். அளவு மீறினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டிவிட்டு, முழுவதையும் பார்க்க இங்கே அழுத்தவும் என்று பொடி எழுத்தில் ஒரு வரியைக் காட்டும். யார் அதை அழுத்துவார்கள்? நான் அழுத்தினேன். அப்பா வந்தார்.

"நான்தாம்மா ஒட்டுனேன்" என்றார் செயலாளர். திட்ட வாயெடுத்தவள், அவர் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். "சாப்பிடுங்க அங்கிள்" என்றேன்.

கிளம்பும்போது, "அப்பாவுக்குன்னு தனியா ஒன்னு செஞ்சு குடும்மா. நான் ஒன்னுமே சேர்க்க மாட்டேன்" என்றார். செய்து கொடுத்தேன். மேலே அப்பாவின் படம், கீழே இரண்டு வரி, அழுத்தினால் என்னை அழைக்கும் ஒரு பொத்தான். என் தொழிலில் அதைவிட ஒழுங்கான மடலை நான் செய்ததில்லை.

அடுத்த நாள் முழுக்கப் போன் அடித்தது. அம்பாங்கிலிருந்து பேசியவர் என் குரலைக் கேட்டதுமே அழுதுவிட்டார். எல்லாரும் காரியம் எப்போது என்றுதான் கேட்டார்கள். "முடிஞ்சிருச்சு அங்கிள்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய் பழகிவிட்டது. கடைசியாக செமினியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவரிடமும் முடிந்துவிட்டது என்றேன்.

"அப்ப ஒரு நாள் வீட்டுக்கு வரேன்ம்மா" என்றார். "வீட்ல யார் யார் இருக்கீங்க?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"நான் மட்டும்தான் அங்கிள்" என்றேன்.