நூலைக் கடித்த பல்

ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா பக்கம் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். ஷூ கம்பெனியை விட்டு வெகுதூரம் வந்தும் வாயில் ரத்தச் சுவை போகவில்லை. தையல் பிரிவில் கத்தரியைத் தேடாமல் பல்லாலேயே நூலை அறுப்போம். அன்று வெள்ளைத் தோலில் என் ஈறின் ரத்தம் பட்டுவிட்டது.

"இன்னாண்ணா, வெத்தல போட்டுக்கினு தைக்கிறியா?" என்றாள் பக்கத்து மெஷின்காரி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, "டாக்டராண்ட போண்ணா, வாய் ஜாஸ்தியா நாறுது" என்றாள். சாப்பாட்டு மணி அடித்ததும் வேலையை விட்டு வெளியேறிவிட்டேன்.

வேலூரில் ஒரு பல் டாக்டரிடம் முன்பே போயிருந்தேன். ஈறு நோய் எலும்பைக் கரைக்கிறது, சுத்தம் செய்யாவிட்டால் பற்கள் விழும் என்றார். சுத்தம் செய்தால்தான் பல் ஆடும் என்று தோஸ்துகள் சொன்னதை நம்பி, நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தவன் நான்.

நடந்தபடியே முன்பல்லை நாக்கால் தொட்டேன். அசைந்தது. மறுபடி தொடப் பயமாக இருந்தது. தொடாமலும் இருக்க முடியவில்லை. வழியில் வாங்கிய பன்னை டீயில் ஊறவைத்து மெல்லாமல் விழுங்கினேன்.

மறுநாள் காலை, தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் பச்சைத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நாற்றம் தாங்காமல் எல்லோரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தார்கள். நானும் கட்டிக்கொண்டேன்.