ரிலேக்களில் விழுந்த திருநீறு

மில்பிடாஸில் எங்கள் பக்கத்து அபார்ட்மெண்டில் இருக்கும் வான்மதி அக்கா கோயம்புத்தூர்க்காரர். கணவரின் விசாவில் வந்ததால் பல ஆண்டுகள் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே இருக்கப் பிடிக்காமல், பழைய கணினிகளை வைத்திருக்கும் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தார். ஃப்ரீவேயில் அவ்வளவு வேகத்தில் கார் ஓட்ட அவருக்குப் பயம். சனிக்கிழமைகளில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன்.

அங்கே அவர் மனம் ஒட்டிக்கொண்டது ஒரு கூட்டல் இயந்திரத்தில். சிலிக்கான் சில்லுகள் வருவதற்கு முன்பு, 1940களில் கட்டியது. உள்ளே வரிசை வரிசையாக ரிலேக்கள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு சிறிய காந்தம் தகட்டை இழுக்கும். இரண்டு முனைகள் தொட்டுக்கொள்ளும். அந்தத் தொடுதலை வைத்துத்தான் அது எண்ணும். நெடுநாள் நின்றுகிடந்த அதை மீண்டும் ஓடவைத்த குழுவில் அக்காவும் ஒருவர். அறைச் சாவி ஒன்று அவரிடமும் இருந்தது.

ஆயுத பூஜையன்று அக்கா இயந்திரத்துக்குத் திருநீறு பூசிப் பொட்டு வைத்தார். மேல்மூடி திறந்திருந்தது. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

அடுத்த வாரம் கூட்டல் தப்பாக வந்தது. ரிலேக்கள் தேய்ந்துவிட்டன, இனி ஓட்ட வேண்டாம், கண்ணாடிக்குள் வைத்துவிடலாம் என்றார் குழுத் தலைவி கேரல். அக்கா குனிந்து பார்த்தார். முனைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

திரும்பும் வழியில் காரில் நான்தான் ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்கக்கா. சொன்னா அந்த ரூமுக்குள்ளயே விட மாட்டாங்க."

அக்கா, "நான் பண்ணுனதுக்கு, அதுக்கு வயசாயிருச்சுன்னு மூடி வெக்கறதா கண்ணு?" என்றார்.

வீட்டில் முதல் பட்டதாரி நான். இவ்வளவு படித்தும், மறைக்கும் யோசனை எனக்கு மட்டும் அவ்வளவு சுலபமாக எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

அக்கா கேரலிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிழைப்புக்கு உதவும் கருவிகளை வணங்குவது எங்கள் வழக்கம் என்பதையும் விளக்கினார். கேரல் கோபப்படவில்லை. இருவரும் சேர்ந்து ஒவ்வொரு முனைக்கும் நடுவே காகிதத் துண்டை விட்டு இழுத்துத் துடைத்தார்கள். மழைக்காலம் முடியும்போது கூட்டல் சரியாக வந்தது. கண்ணாடிப் பேச்சும் நின்றது. அன்றே கேரல் சாவியைத் திருப்பிக் கேட்டார். அக்கா மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

இப்போது அவருக்கு வாசலில் வேலை. வருகிறவர்களை உள்ளே அனுப்ப வேண்டும். ரிலேக்களின் படபடப்பு வாசல்வரை கேட்கும். போன சனிக்கிழமை ஒருவர், அந்த இயந்திரத்தைப் பற்றித் தெரியுமா என்று அவரிடம் கேட்டார்.

அதற்குத் தூசி ஆகாது என்று மட்டும் அக்கா சொன்னார்.